குதிரையும் கூடைப்பந்தும்

மாசி பிறந்து பங்குனி முடியும்வரை நம் ஜொகூர்ப் பக்கத்து ரப்பர் மரங்கள் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இலை பழுத்து உதிரும். மரத்தடி சருகால் மூடும். வாளியில் பால் குறையும். அடுத்த சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் விடும். இப்போது பல தோட்டங்களில் செம்பனைதான் நிற்கிறது என்றாலும், ரப்பர் வெட்டிய குடும்பங்கள் அந்த மாதங்களை மறக்கமாட்டா. நமக்கு வசந்தகாலம் என்று தனியாக ஒன்று கிடையாது. இந்தத் தளிர் காலத்தை நம் வசந்தம் என்று வைத்துக்கொண்டால், அது கையில் காசு குறைந்த வசந்தம்.

அதே மாதங்களில், பனிக்காலம் முடிந்து வெயிலைக் காணும் அமெரிக்க நாட்டில் விளையாட்டு ரசிகர்களுக்கு இரண்டு திருவிழாக்கள் வருகின்றன. மார்ச் மாதத்தில் கல்லூரி மாணவர்களின் கூடைப்பந்துப் போட்டி. மே மாதத்தின் முதல் சனிக்கிழமை கெண்டக்கி டெர்பி என்னும் குதிரைப் பந்தயம். எங்கோ நடக்கும் விளையாட்டு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். குதிரைப் பந்தயம் நம் லயத்து வீடுகளுக்குப் புதிய சொல் அன்று. சம்பள நாளன்று அதன் பெயரைக் கேட்டுப் பெருமூச்சு விட்ட தாய்மார்கள் நம்மிடையே உண்டு. ஆகவே, இந்த விளையாட்டுகளில் பார்ப்பவருக்கு என்ன கிடைக்கிறது, பணம் கட்டுபவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை இன்று சற்று விளக்கமாகக் காண்போம்.

முதலில் கூடைப்பந்து. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே இந்தத் தேசியப் போட்டி 1939-ல் தொடங்கியது. 1985-ல் 64 குழுக்கள் ஆடும் போட்டியாக வளர்ந்தது; 2011 முதல் 68 குழுக்கள். தோற்றால் வெளியேறும் முறை. ஒரே ஒரு தோல்வி போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பவேண்டியதுதான். நாட்டை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் குழுக்களைத் திறமைப்படி 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவார்கள். முதல் சுற்றில் முதலாம் குழு பதினாறாம் குழுவோடு மோதும். யானையும் பூனையும் மோதுவதுபோலத்தான். 1985 முதல் 33 ஆண்டுகள் யானையே வென்று வந்தது. 2018 மார்ச் 16 அன்று மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் நகரை அடுத்த ஒரு கல்லூரி, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை 74-க்கு 54 என்று சாய்த்தது. தோற்ற வர்ஜீனியா சோர்ந்து போகவில்லை. அடுத்த ஆண்டு, 2019-ல், அதே குழுதான் வெற்றிக் கிண்ணத்தை வென்றது.

இந்தப் போட்டியின் சுவை ஆடுகளத்தோடு முடிவதில்லை. போட்டி தொடங்குமுன் ரசிகர்கள் ஒரு கிளைப் படத்தை நிரப்புவார்கள். எந்த ஆட்டத்தில் யார் வெல்வார், அவர் அடுத்த சுற்றில் யாரைச் சந்திப்பார் என்று கடைசி ஆட்டம்வரை முன்கூட்டியே எழுதுவது. அலுவலகத்திலும் கடையிலும் பாட்டி முதல் பேரன்வரை எழுதுவார்கள். கூடைப்பந்து தெரியாத பாட்டி, பந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் மருமகனை வென்றுவிடுவதும் உண்டு. 64 குழுக்களுக்கு 63 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவுகள். இப்படி நிரப்பக்கூடிய வகைகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 19 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். 2019-ல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைப் பிசகின்றிச் சரியாகக் கணித்தார். ஐம்பதாவது ஆட்டம் அவரைக் கவிழ்த்தது. அந்த ஊரில் இறுதியாட்டம் திங்கள் இரவு நடக்கும்போது நமக்குச் செவ்வாய் காலை ஒன்பது மணிவாக்கு. நாங்கள் கரும்பலகையின் முன் நிற்கும் நேரம்.

இனி குதிரை. கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1875 முதல் ஆண்டுதவறாமல் நடந்துவரும் பந்தயம் இது. தூரம் ஒன்றேகால் மைல், அதாவது ஏறக்குறைய 2 கிலோமீட்டர். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். வட உலகில் எந்த மாதம் பிறந்திருந்தாலும் பந்தயக் குதிரைக்கு ஜனவரி முதல் நாள்தான் பிறந்தநாள். தென் உலகில் ஆகஸ்ட் முதல் நாள். எனவே மே மாதம் ஓடும் குதிரை மூன்று வயது நிரம்பி உடல் முற்றிக்கொண்டிருக்கும் இளங்குதிரை. ஆயுளில் ஒரே ஒரு முறைதான் அதற்கு இந்த வாய்ப்பு. ஓட்டம் முடிய இரண்டு நிமிடம். அங்கே சனிக்கிழமை மாலை ஏழு மணி ஆகும்போது நமக்கு ஞாயிறு காலை ஏழு மணி. தேநீர் ஆறுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும்.

இந்த டெர்பியையும், அடுத்து வரும் பிரீக்னஸ், பெல்மான்ட் என்னும் இரண்டு பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வெல்வது மிக அரிது. 2018 வரை 13 குதிரைகளுக்கே அது வாய்த்தது. அவற்றுள் செக்ரடேரியட் என்னும் செந்நிறக் குதிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1973-ல் அது டெர்பியை இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக, 1 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தது. அந்த ஆண்டு ஜூன் 9 அன்று பெல்மான்ட்டில் அது இரண்டாவதாக வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னே விட்டு வந்தது. தன்னந்தனியே ஓடியது என்றுதான் சொல்லவேண்டும். அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.

இப்போது சீட்டுக்கு வருவோம். செக்ரடேரியட் வெல்லும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், அதன்மேல் 2 டாலர் கட்டியவருக்குத் திரும்பக் கிடைத்தது 2 டாலர் 20 காசுதான். ஆனால் வென்ற சீட்டுகளுள் 5,617 சீட்டுகளுக்கு யாரும் பணம் வாங்க வரவே இல்லை. அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்திவிட்டார்கள். அந்தக் குதிரை ஓடியதைத் தாம் பார்த்ததற்குச் சாட்சியாக அது இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். எங்கள் கருத்தில் அவர்கள்தாம் ரசிகர்கள்.

நம் பக்கம் திரும்புவோம். ஜொகூரில் இருப்பவர்களுக்குப் பல தலைமுறையாகக் குதிரைப் பந்தயம் என்றால் சிங்கப்பூர்தான். 1842-ல் அங்கே பந்தயக் கழகம் ஒன்றை நிறுவி, 1843 பிப்ரவரி 23-ல் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். இடம், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடல். அந்தத் திடலை நம்மவர்கள் வேறு காரணத்துக்காகவும் அறிவார்கள். 1942 பிப்ரவரி 17-ல் ஜப்பானியரிடம் சரணடைந்த இந்தியப் போர்வீரர்களை அங்கேதான் ஒன்றுகூட்டினார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அந்தப் புல்தரையில் தொடங்கியது. அதற்கு முன்பே, 1933-ல், குதிரைகள் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டன. 1999-ல் பந்தயத் திடல் கிராஞ்சிக்கு மாறியது. ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சில கிலோமீட்டர் தூரம்தான். ஞாயிறு காலையில் பேருந்து பிடித்து அக்கரைக்குப் போய் இரவில் வெறுங்கையோடு திரும்பியவர்களின் கதை இங்கே பல வீடுகளில் உண்டு. குதிரைக்குத் தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, விடியற்காலையில் நடத்திக் கூட்டிப்போன குதிரைக்காரர்களுள் தமிழர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுடைய பெயர் எந்தக் கிண்ணத்திலும் பொறிக்கப்படவில்லை.

2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. 181 ஆண்டுக் கதை அத்தோடு முடிந்து, வீடுகள் கட்டுவதற்காகவும் பிற தேவைகளுக்காகவும் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்புகிறது. 1864-ல் தொடங்கிய பினாங்குக் கழகமும் 2025-ல் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. கோலாலம்பூரில் பழைய அம்பாங் சாலைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில்தான் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிறது. நிலத்தின் விலை குதிரையைவிட வேகமாக ஓடுகிறது. ஆனால் திடல் மூடியதால் பந்தயம் கட்டுவது நின்றுவிடவில்லை. அது கைத்தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது. ஆகவே கணக்கைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

பந்தயத் திடலில் பணத்தை வாங்கிப் பங்கு பிரிக்கும் முறைக்கு டோட்டலைசேட்டர் என்று பெயர். சுருக்கமாக டோட் என்பார்கள். 1867-ல் பாரிஸ் நகரத்தில் ஜோசப் ஓலர் என்பவர் இந்த முறையைக் கண்டுபிடித்தார். அதைத் தானாகக் கணக்கிடும் இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் என்னும் பொறியாளர் செய்தார். தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்காக அவர் செய்த இயந்திரம் அது. அரசாங்கம் வேண்டாம் என்றதும் குதிரைப் பந்தயத்துக்கு மாற்றிவிட்டார். 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அது முதன்முதலாக ஓடியது.

அது செய்யும் வேலை இதுதான். ஒரு பந்தயத்தில் எல்லாரும் சேர்ந்து 1,000 வெள்ளி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதில் வரிக்கும் கழகத்தின் செலவுக்கும் ஒரு பகுதியை முதலிலேயே எடுத்துவிடுவார்கள். இந்தக் கழிவு இடத்துக்கு இடம் மாறும். கணக்கு எளிதாயிருக்க ஐந்தில் ஒரு பங்கு, 200 வெள்ளி என்போம். மிச்சம் 800. எல்லாரும் நம்பும் குதிரைமேல் 400 வெள்ளி விழுந்திருந்தால், அது வென்றால் ஒரு வெள்ளிக்கு 2 வெள்ளி கிடைக்கும். யாரும் நம்பாத குதிரைமேல் 20 வெள்ளிதான் விழுந்தது என்றால், அது வென்றால் ஒரு வெள்ளிக்கு 40 வெள்ளி. பலகையில் ஒளிரும் எண்கள் குதிரையின் பலத்தைச் சொல்வதில்லை; பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கின்றன. கழகத்தோடு போட்டி போடுவதாக நினைத்துக்கொண்டு நாம் நம் பக்கத்து லயத்துக்காரரோடுதான் போட்டி போடுகிறோம். அவர் பணம் நமக்கு, நம் பணம் அவருக்கு. இடையில் 200 வெள்ளி ஒவ்வொரு முறையும் வெளியே போய்விடுகிறது.

ஒரு நாளில் ஒரு பந்தயம் மட்டும் ஓடுவதில்லை. கிடைத்த 800-ஐ எல்லாரும் அடுத்த பந்தயத்தில் கட்டினால் 640 திரும்பும். பிறகு 512, பிறகு 409 வெள்ளி 60 காசு. ஐந்தாவது பந்தயம் முடியும்போது 328 வெள்ளிகூட இராது. பத்தாவது முடியும்போது 107 வெள்ளி. அந்தக் கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டு வெளியே வரலாம். அவரைப் பற்றித்தான் தோட்டம் முழுவதும் பேச்சு. மற்றவர்கள் பேசாமல் வருவதால் அவர்கள் கதை நமக்குக் கேட்பதில்லை.

“எனக்கு உள்ளிருந்து சேதி வந்திருக்கிறது, இந்தக் குதிரை நிச்சயம்” என்று சிலர் சொல்வார்கள். பந்தயங்களுள் பெரும்பாலானவை பளு சமன்செய்யும் முறையில் நடக்கின்றன. முன்பு நன்றாக ஓடிய குதிரைக்கு அதிகப் பளு, மெதுவாக ஓடியதற்குக் குறைந்த பளு. ஓட்டுபவரின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் துண்டு வைத்து நிரப்புவார்கள். பளுவைத் தீர்மானிக்கும் அதிகாரி காணும் கனவு எதுவென்றால், எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் முடிவுக் கோட்டைத் தொடவேண்டும் என்பதுதான். நிச்சயத்தை ஒழிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கும் இடத்தில் நிச்சயமான சேதி எங்கிருந்து வரும்?

இது திறமையா, அதிர்ஷ்டமா என்னும் கேள்வி தமிழ்நாட்டில் நீதிமன்றம்வரை சென்றது. சென்னை கிண்டியில் 18-ஆம் நூற்றாண்டு முதல் பந்தயம் உண்டு. 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. சென்னைப் பந்தயக் கழகம் வழக்காடியது. 1996 ஜனவரி 12-ல் இந்திய உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த விளையாட்டு, அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. 2024-ல் அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்துசெய்து 160 ஏக்கரைக் கையகப்படுத்தியது. தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. குதிரையின் வமிசம், பயிற்சி, ஓட்டுபவரின் கைவன்மை எல்லாம் திறமைதான். ஆனால் அந்தத் திறமை குதிரையிடமும் ஓட்டுபவரிடமும் இருக்கிறது. சீட்டு வாங்குபவருக்கும் கொஞ்சம் திறமை இருக்கலாம். ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே இழந்துவிட்டு அதற்குமேல் வெல்லும் அளவுக்கு அது இருக்கவேண்டுமே!

நம் தோட்டங்களில் குதிரையைவிடப் பரவியது நாலு நம்பர். அதுவும் பந்தயக் கழகங்களோடு உறவுள்ளதுதான். சிங்கப்பூரில் 1966-ல் அதைத் தொடங்கியது பந்தயக் கழகமே. இங்கே கணக்கு இன்னும் எளிது. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். சிறிய வகையில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 3,500, இரண்டாம் பரிசு 2,000, மூன்றாம் பரிசு 1,000. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே ஒவ்வொரு வெள்ளி கட்டி வாங்கினாலும் மூன்று பரிசும் சேர்ந்து 6,500 வெள்ளிதான். எல்லா எண்ணும் கையில் இருந்தும் 3,500 வெள்ளி நட்டம். கனவில் வந்த எண், காரின் எண், பிணவண்டியின் எண் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. புதன், சனி, ஞாயிறு என்று குலுக்கலுக்கு 5 வெள்ளி வீதம் கட்டினால் வாரம் 15, வருடம் 780 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. கிட்டத்தட்ட அரை மாத உழைப்பு. பிள்ளையின் பள்ளிச் சீருடையும் காலணியும் புத்தகப் பையும் அதற்குள் அடங்கிவிடும்.

அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை இல்லாமல் இல்லை. 2018 மே மாதம் அந்நாட்டு உச்சநீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பல மாநிலங்களில் அது கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டது. தங்கள் பணம் போனதற்காகக் கல்லூரிப் பையன்களுக்கு வசைச் செய்தி அனுப்பும் கூட்டமும் கிளம்பியது. இருபது வயதுப் பிள்ளை ஒரு பந்தைத் தவறவிட்டதற்கு, அவனை நேரில் பார்த்திராத ஒருவர் திட்டுவதா? பந்தயம் கட்டுபவருக்கு ஆட்டக்காரன் கண்ணில் படுவதில்லை.

ரசிகராக இருப்பதற்குச் செலவு குறைவு. கூடைப்பந்தே செலவின்றிப் பிறந்த விளையாட்டுதான். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் மாணவர்களை ஓரிடத்தில் அடக்கிவைக்க வழி தேடிய ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர், பீச் பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பந்து விழுந்ததும் யாராவது ஏறி எடுக்கவேண்டும். அடியை வெட்டிவிடலாம் என்பது பிறகுதான் தோன்றியது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி பக் என்பவர் 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் பரவ அக்கல்லூரி பெரிதும் உதவியது. நம் ஜொகூரிலோ மூவார், பத்து பகாட், குளுவாங் என்று எங்கே போனாலும் சீனப் பள்ளித் திடலில் மாலையில் பந்து தட்டும் ஓசை கேட்கும். நம் பிள்ளைகள் கால்பந்தோடு நின்றுவிட்டார்கள். ஒரு கம்பம், ஒரு இரும்பு வளையம், ஒரு பந்து இருந்தால் தோட்டத்திலும் ஆடலாம். பெரியவர்களுக்கு வளையத்தின் உயரம் 3 மீட்டர் 5 சென்டிமீட்டர். சிறுவர்களுக்கு 2 மீட்டர் 60 சென்டிமீட்டர் போதும்.

கிளைப் படத்தையும் காசில்லாமல் எழுதலாம். நாங்கள் பள்ளியில் அதைச் சுவரில் ஒட்டிப் பிள்ளைகளை நிரப்பச் சொல்வதுண்டு. அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் கால்பந்துப் போட்டிக்கும் அது பொருந்தும். 16 குழுக்கள் இருந்தால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள் என்று கேட்டால், சிலர் 8, 4, 2, 1 என்று கூட்டி 15 என்பார்கள். கூட்டாமலே சொல்ல ஒரு வழி உண்டு. ஓர் ஆட்டம் ஒரு குழுவை வீட்டுக்கு அனுப்புகிறது. கடைசியில் ஒரு குழுவைத் தவிர எல்லாரும் வீடு திரும்பவேண்டும். ஆகவே 16 குழுக்களுக்கு 15 ஆட்டங்கள், அமெரிக்காவின் 68 குழுக்களுக்கு 67. நம் வட்டாரத்தில் 23 பள்ளிகள் ஆடினால் எத்தனை என்று இன்று மாலை உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.